இசட் ஃபேக்டரை ஒருவாட்டி கையால போட்டுப் பாருங்க

நிஜ வாயு ஐடியல் கேஸ் கணக்கிலிருந்து எவ்ளோ விலகுதுன்னு சொல்ற நம்பர்தான் இசட் ஃபேக்டர். சாஃப்ட்வேர்ல நாலு நம்பரைத் தட்டினா டென்சிட்டி, என்தால்பி (வெப்ப அடக்கம்) எல்லாம் வந்து விழுது, அப்புறம் எதுக்கு சார் பேப்பரும் பேனாவும்னு ஜூனியர் பசங்க கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா விழுற நம்பர் எந்த ரேஞ்ச்ல இருக்கணும்னு ஒரு குத்துமதிப்பு கூட கைல இல்லன்னா, இன்புட்ல கேஜ் பிரஷருக்கு (காத்தழுத்தத்தைக் கழிச்சது) பதிலா அப்சல்யூட் (அதையும் சேர்த்தது) போட்டிருந்தாலும் தெரியாது, யூனிட் மாறியிருந்தாலும் தெரியாது.

ஒரு வாயுக் கலவையை எடுத்துக்குவோம். மீத்தேன் 90, ஈத்தேன் 7, புரொப்பேன் 3 மோல் சதவீதம், 300 கெல்வின், 70 பார் அப்சல்யூட். கலவைக்கு ஒரு கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் (இதுக்கு மேல எவ்ளோ அழுத்தினாலும் வாயு திரவமாகாது) வேணும். அதுக்கு 1936ல கே (Kay)ங்கறவர் குடுத்த ரூல் படு சிம்பிள், ஒவ்வொண்ணோட கிரிட்டிக்கல் டெம்பரேச்சரையும் அதோட மோல் பிராக்ஷனால பெருக்கிக் கூட்டிடணும், அவ்ளோதான். 190.6, 305.3, 369.8, மூணையும் அப்படிப் போட்டா 204 கெல்வின். புரொப்பேன் இருக்கறதே 3 சதவீதம், ஆனா அது மட்டும் 11 கெல்வின் கொண்டு வருது பாருங்க, அதனால லேப் ரிப்போர்ட்ல கடைசில இருக்கற கனமான அயிட்டங்களை கொஞ்சம்தானேன்னு விட்றாதீங்க. கிரிட்டிக்கல் பிரஷருக்கும் இதே கதைதான், 46.1 பார்.

இப்போ 300ஐ 204ஆல வகுத்தா 1.47, 70ஐ 46.1ஆல வகுத்தா 1.52. இந்த ரெண்டு விகிதத்தையும் எடுத்துக்கிட்டு, அதை வச்சு இசட்டைப் படிக்கிற, 1942ல வந்த ஸ்டாண்டிங்-காட்ஸ் சார்ட்டுக்குப் போகணும். இங்கதான் கண்ணு வலிக்கும், டெம்பரேச்சர் விகிதம் 1.4க்கான கோடும் 1.5க்கான கோடும் கிட்டகிட்ட ஓடும், நடுவுல 1.47 எங்கன்னு ஸ்கேல் வச்சுத்தான் புடிக்கணும், ஜெராக்ஸ் மங்கலா இருந்தா இன்னும் மோசம். எனக்கு வந்த இசட் 0.85.

மாலிக்யூலர் வெயிட் 17.86. டென்சிட்டி போட்டா ஒரு கன மீட்டருக்கு சுமார் 59 கிலோ. இசட்டை மறந்துட்டு ஐடியல் கேஸ்னு போட்டிருந்தா 50 தான் வந்திருக்கும், 9 கிலோ காத்துல போச்சு!

கேஸ்ல ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் டை ஆக்சைடோ நிறைய இருந்தா இது அப்படியே செல்லாது, அந்த வாயுக்களுக்காக கிரிட்டிக்கல் நம்பர்களைத் திருத்துற விச்சர்ட்-அசீஸ் கரெக்ஷன் போட்டுட்டுத்தான் சார்ட்டைத் தொடணும். அதே மாதிரி காசு கைமாறுற மீட்டரிங்குக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோய் நீட்டாதீங்க, அங்க ஏஜிஏ 8 (AGA 8), ஜெர்க் 2008 (GERG-2008) மாதிரி இசட்டைத் துல்லியமா கணக்குப் போடற சமன்பாடுதான், அதைக் கையால போட எனக்குப் பொறுமை கிடையாது.