புல்வெளிக்கு அடியில் ஓர் ஊர்

நியூயார்க் சென்ட்ரல் பார்க் போகிறவர்கள் ஏரிக்கரையில் செல்ஃபி எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். மேற்குப் பக்கம், 82ஆம் தெருவிலிருந்து 89 வரை நடந்து பாருங்கள். அங்கே செனெகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. 1825இல் கறுப்பின மக்கள் சொந்தக் காசில் மனை வாங்கிக் குடியேறினார்கள். பிறகு ஐரிஷ்காரர்களும் வந்தார்கள். மூன்று தேவாலயங்கள், பள்ளிக்கூடம், சுமார் 225 பேர். கறுப்பின ஆண் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து வேண்டும் என்றிருந்த காலம். மனை போனால் ஓட்டும் போச்சு! 1857இல் பூங்காவுக்காக எல்லோரையும் காலி செய்தார்கள். 2011இல் தோண்டியபோது ஓர் இரும்புக் கெண்டியும் ஒரு சின்ன ஷூவும் கிடைத்தன. 2019இல் தகவல் பலகைகள் வைத்தார்கள். அந்த ஷூதான் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.