டி.எஃப்.ஏ. நிலைகளை இணைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்தபடியே, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படித்த எனக்கு, ஆட்டோமேட்டா பாடத்தில் நெடுநாள் மதிப்பெண் போனது டி.எஃப்.ஏ.வைச் சுருக்கும் கணக்குகளில்தான். டி.எஃப்.ஏ. என்பது ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிலையிலிருந்து ஒரே ஒரு நிலைக்கு நகர்ந்து, முடிவில் அதை ஏற்கும் அல்லது மறுக்கும் கற்பனை இயந்திரம்; விடைகள் மாறாமல் அதன் நிலைகளைக் குறைப்பதே சுருக்குவது. அட்டவணை போட்டு, இணைக்கக் கூடாத நிலைகளைக் குறியிடும் முறை கைவந்திருந்தும், இரண்டு நிலைகளை எதனால் ஒன்றாக்குகிறோம் என்பது பிடிபடவில்லை.

அது பிடிபட்ட இடம் எங்கள் மூணாறு தலைப்பு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் அவ்விடத்தில், மதகின் முன் நிற்கும் தண்ணீர் எவ்வழியே வந்திருந்தாலும் இனி அது போகும் போக்கு ஒன்றே. நிலையும் அத்தகையது. எதைப் படித்து அங்கு வந்தோம் என்பதை விட்டுவிட்டு, இனி எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் இரு நிலைகளும் ஒரே விடை தருமா என்று மட்டும் கேட்க வேண்டும்; ஒரே ஒரு சரம் ஓரிடத்தில் ஏற்கப்பட்டு மற்றதில் மறுக்கப்பட்டாலும் அவை வெவ்வேறு நிலைகளே. மைஹில், நெரோட் ஆகியோர் 1957, 1958-இல் தந்த தேற்றத்தின் உயிர்நாடி இதுதான்.

அ, இ என்ற இரண்டே எழுத்துகளில் 'அஇ' என்னும் துண்டு எங்கேனும் வரும் சரங்களுக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது அவற்றின் வடிவைச் சொல்லும் சூத்திரம், (அ+இ)*அஇ(அ+இ)* ஆகும்; இதில் + என்றால் 'அல்லது', * என்றால் எத்தனை முறையும், ஒருமுறைகூட இல்லாமலும். ஓர் எழுத்துக்குப் பல நிலைகளுக்கு நகரக்கூடிய இயந்திரம் என்.எஃப்.ஏ.; இதற்குரிய மூன்று நிலை என்.எஃப்.ஏ.வை உட்கண முறையில், அதாவது அதன் நிலைகளின் தொகுப்பு ஒவ்வொன்றையும் ஒரு நிலையாக்கி, டி.எஃப்.ஏ.வாக மாற்றினால் நான்கு நிலைகள் வரும். அவற்றுள் இரண்டு ஏற்பு நிலைகள், அதாவது சரம் அங்கு முடிந்தால் ஏற்கப்படும். துண்டு ஏற்கெனவே வந்துவிட்டதால் அங்கிருந்து எதைப் படித்தாலும் ஏற்புதான் என்பதால் அவை இணைந்து, மூன்று நிலைகள் எஞ்சும். தொடக்க நிலையையும் 'அ' படித்த நிலையையும் 'இ' என்ற ஒற்றை எழுத்தே பிரித்துவிடும். இந்த மூன்றிலிருந்து, நிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடும் நிலை நீக்க முறையில் திரும்பவும் எக்ஸ்பிரஷன் எழுதியபோது இ*அஅ*இ(அ+இ)* என்று வர, தவறிழைத்துவிட்டதாக எண்ணி ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டேன். தவறில்லை; ஒரே மொழிக்கு, அதாவது ஏற்கப்படும் சரங்களின் ஒரே தொகுப்புக்கு, எக்ஸ்பிரஷன்கள் பல இருக்கலாம், ஆனால் நிலைகளின் பெயரை மாற்றுவதைத் தவிர மிகச்சிறிய டி.எஃப்.ஏ. ஒன்றே. எனவே இரண்டு எக்ஸ்பிரஷன்கள் சமமா என்ற ஐயம் எழுந்தால், இரண்டையும் டி.எஃப்.ஏ.வாக்கிச் சுருக்கி ஒப்பிடுங்கள்.

சுருக்கும்போது, தொடக்க நிலையிலிருந்து எட்டமுடியாத நிலைகளை முதலில் நீக்குங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் நகர்வு உள்ள முழுமையான டி.எஃப்.ஏ. கேட்கப்பட்டால் மீளமுடியாத மறுப்பு நிலையையும் எண்ணிக்கையில் சேருங்கள்.

கடைசியிலிருந்து மூன்றாம் எழுத்து 'அ'வாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் என்.எஃப்.ஏ.வுக்கு 4 நிலைகள் போதும், டி.எஃப்.ஏ.வுக்கோ, கடைசி மூன்று எழுத்துகளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாக, 8 வேண்டும். கடைசி மூன்று எழுத்துகள் இஇஅ, இஇஇ என முடியும் இரு நிலைகளுக்குப் பின் எந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்தாலும் முதலாவது ஏற்கப்படும், இரண்டாவது மறுக்கப்படும். இப்படி ஒவ்வோர் இணைக்கும் ஒரு சரம் கிடைப்பதால், எட்டில் ஒன்றைக்கூடக் குறைக்க இயலாது.