தம்பியோட கழுத்து ஆபரேஷன், நாங்க முடிவெடுக்க ஆன 7 மாசம்

எங்க பையனுக்கு 8 வயசு, டவுன் சிண்ட்ரோம். வீட்டுல எல்லாரும் தம்பின்னுதான் கூப்புடுவோம், இங்கயும் அப்படியே எழுதுறேன். ஊரு தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. போன மாசில அவனுக்குக் கழுத்து எலும்புல ஆபரேஷன் ஆச்சு. பண்ணலாமா வேணாமான்னு அதுக்கு முன்னாடி நாங்க கெடந்து தவிச்சதத்தான் எழுதப் போறேன், ஏன்னா ஆபரேஷன விட அந்த 7 மாசம்தான் எங்களுக்குப் பெரிய கஷ்டம்.

மொதல்ல கண்ணுல பட்டது போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு. அதுக்கு முந்தின வருஷம் சப்பரத்த இழுத்துக்கிட்டு படித்துறையில தடதடன்னு எறங்கி எங்க உசுர வாங்குனவன், அன்னிக்கு மேல்படியிலயே உக்காந்துட்டான். கையப் புடிச்சு இழுத்தா உக்காந்தபடியே தேய்ச்சுத் தேய்ச்சு ஒவ்வொரு படியா வர்றான். தண்ணி நெறய போகுது, பயப்படுறான் போலன்னு நெனச்சு நான் காப்பரிசி குடுத்து சமாதானம் பண்ணிட்டு விட்டுட்டேன்.

அப்புறம் செருப்பு. ஸ்கூல் தொறக்குறப்ப வாங்குனது, ரெண்டு மாசம் கூட ஆகல, எடது கால் செருப்பு முன்பக்கம் மட்டும் தேஞ்சு பெருவிரல் கிட்ட ஓட்ட விழுந்துருச்சு, வலது கால் செருப்பு புதுசு மாதிரியே இருக்கு. ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். கால இழுக்குறான்னு அப்பத்தான் ஒறச்சுது. அதோட 5 வயசுல பாடுபட்டு ஒண்ணுக்குப் போகப் பழக்குனது, அந்த ஆவணியில மறுபடி டவுசர நனைக்க ஆரம்பிச்சான். தலைய ஒரு பக்கமா சாச்சே வச்சிருக்கான், தல வாரப் போனா அழுவுறான்.

டாக்டர்ட்ட காட்டுனோம். ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்ட்ட. ரெண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை, "இந்தப் புள்ளைங்க அப்படித்தாம்மா." தசை தளர்வா இருக்கும், அடம் புடிப்பாங்க, பிசியோ குடுங்கன்னாங்க. நானும் அத நம்பி 2 மாசம் சும்மா இருந்தேன், அந்த 2 மாசத்த நெனச்சாத்தான் இன்னிக்கும் வயிறு எரியுது. பொறந்ததுலேருந்து ஒரு வேலைய பண்ணத் தெரியாத புள்ள வேற, நேத்து வரைக்கும் பண்ணிட்டு இன்னிக்குப் பண்ண முடியாமப் போற புள்ள வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அப்படித்தான்னு யார் சொன்னாலும், எவ்ளோ பெரிய டாக்டர் சொன்னாலும், தயவுசெஞ்சு விட்டுட்டு வந்துராதீங்க.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. தல சாஞ்சிருக்கறதப் பாத்து சுளுக்குதான்னு எங்க மாமியார் பக்கத்து ஊர்ல சுளுக்கு வழிக்கிறவர்ட்ட கூட்டிப் போயிட்டாங்க. விஷயம் தெரிஞ்சு நான் பின்னாடியே ஓடுறேன், அதுக்குள்ள அவர் எண்ணெ தடவி கழுத்த ஒரு தடவ திருப்பிட்டாரு, தம்பி போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அவரயோ அத்தையயோ நான் குத்தம் சொல்லல, எங்களுக்கே ஒண்ணும் தெரியாதப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும். ஆனா பின்னாடி சர்ஜன்ட்ட இதச் சொன்னப்ப அவர் பேனாவ கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. டவுன் புள்ளைங்க கழுத்துல சுளுக்கு வழிக்கிறது, சலூன்ல சொடக்கு எடுக்குறது, இதெல்லாம் வேணவே வேணாம்.

கண்டுபுடிச்சது யாருன்னா, கல்வித்துறையோட வட்டார வள மையத்துல வர்ற பிசியோதெரபிஸ்ட் பொண்ணு. முட்டியில லேசா தட்டுச்சு, கால் எகிறுச்சு. பாதத்தப் புடிச்சு மேல சடார்னு தள்ளி வச்சிருந்துச்சு, பாதம் தானா டக் டக் டக்னு ஆடிட்டே இருக்கு, நிக்கல. அந்தப் பொண்ணுக்கு மொகமே மாறிருச்சு. "அக்கா, டவுன் புள்ளைங்களுக்கு தசை தொளதொளன்னுதான் இருக்கும், இப்படித் துள்ளக் கூடாது, இது கழுத்துல நரம்பு அமுங்குற மாதிரி இருக்கு, நாளைக்கே எக்ஸ்ரே எடுங்க"ன்னுச்சு. இந்த 7 மாசத்துல மொதல் தடவயா ஒருத்தர் என் புள்ளைய சரியாப் பாத்தது அன்னிக்குத்தான்.

எக்ஸ்ரே எடுத்த எடத்துலயும் ஒரு தப்பு நடந்துச்சு. கழுத்த முன்னாடி குனிஞ்சு ஒண்ணு, பின்னாடி நிமுந்து ஒண்ணு எடுக்கணும், இவன் குனிய மாட்டேங்குறான்னு அங்க இருந்தவர் தலையில கைய வச்சு அமுக்குனாரு. இப்படி அறிகுறி இருக்கற புள்ளைக்கு மொதல்ல நேரா வச்சு ஒரு படம் எடுத்து, அதுல பெருசா எதுவும் இல்லைன்னாத்தான் குனிஞ்சு நிமுந்து எடுக்கணுமாம், அதுவும் அவனாக் குனியற அளவுக்குத்தான், அடுத்தவங்க கை வச்சு அமுக்கவே கூடாதாம். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கையத் தட்டி விட்டுருப்பேன்.

ரிப்போர்ட்டுல அட்லாண்டோஆக்சியல் இன்ஸ்டெபிலிட்டின்னு இருந்துச்சு. எங்க மாமனாருக்கு நான் புரியவச்சது நம்ம எந்திரக்கல்ல வச்சுத்தான். உளுந்து ஒடைக்கிற எந்திரத்துல கீழ்க்கல்லுல ஒரு முளை இருக்கும், மேல்கல்லு அதச் சுத்தி சுத்தும். கழுத்துல மொத எலும்பு வளையம் மாதிரி, ரெண்டாவது எலும்புல முளை, நாம தலையத் திருப்புறதுல பாதிக்குப் பாதி இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நடக்குது. முளைய வளையத்தோட சேத்துக் கட்டி வச்சிருக்கறது ஒரு தசைநார். டவுன் புள்ளைங்களுக்கு ஒடம்பு பூரா தசைநார் தளர்வா இருக்கறதால தலை குனிஞ்சா வளையம் முன்னாடி நழுவுது, பின்னாடி போற தண்டுவடத்த நசுக்குது. சின்னப் புள்ளைங்களுக்கு முளைக்கும் வளையத்துக்கும் நடுவுல எடைவெளி 4.5, 5 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாமாம், தம்பிக்கு 9 இருந்துச்சு. 100 டவுன் புள்ளைங்கள எடுத்தா 10லேருந்து 20 பேருக்கு எக்ஸ்ரேல இந்தத் தளர்வு தெரியும், ஆனா தண்டுவடம் அமுங்கி தொந்தரவு வர்றது 1, 2 பேருக்குத்தான், அதனால இதப் படிச்சுட்டு நல்லா ஓடியாடுற புள்ளையப் புடிச்சுட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம்.

மூணு பேர்ட்ட ஒபீனியன் கேட்டோம். மொதல் டாக்டர் எக்ஸ்ரேய மட்டும் பாத்துட்டு வெள்ளிக்கிழமையே அட்மிட் பண்ணுங்கன்னாரு. ரெண்டாவது டாக்டர் தம்பி சேர்ல உக்காந்து சிரிச்சுட்டு இருந்ததப் பாத்துட்டு, நல்லாத்தானே இருக்கான், காலர் போட்டு 6 மாசம் பாப்போம்னாரு. எங்களுக்குத் தலைய சுத்திருச்சு. வீட்டுல ஆளுக்கு ஒரு பேச்சு. மாமனார் "நடந்துக்கிட்டுத்தானே இருக்கான், எதுக்குக் கழுத்துல கத்திய வைக்கணும்"னாரு, அது பாசத்துல சொன்னது. சொந்தத்துல ஒருத்தங்க மட்டும் "இந்தப் புள்ளைக்கு இவ்ளோ செலவு தேவையா"ன்னு கேட்டாங்க. அதுக்கு நான் பதில் சொல்லல, ஆனா அந்த வீட்டு வாசல நான் இன்னும் மிதிக்கல.

மூணாவது டாக்டரப் பாக்க சோழன் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போனோம், கழுத்துல காலர் போட்டு, தலைக்குப் பின்னாடி துண்டச் சுருட்டி வச்சு, பஸ்ல குலுங்கக் கூடாதுன்னு ரயிலுதான். அந்த டாக்டர் படத்த கையிலயே வாங்கல. காலரோட மெதுவா நடக்கச் சொல்லி காரிடார்ல கூடவே நடந்தாரு, கையில பந்து குடுத்து எங்கிட்ட போடுடான்னாரு, சட்ட பட்டன போடச் சொன்னாரு. அப்புறம் என்னயப் பாத்து, "போன வருஷம் பண்ணிட்டு இருந்து இப்பப் பண்ணாத வேலை எதும்மா?"ன்னு கேட்டாரு.

என்ட்ட போன்ல முந்தின வருஷத்து ஆடிப்பெருக்கு வீடியோ இருந்துச்சு, சப்பரத்தோட ஓடி எறங்குறது. அதயும், அதுக்கு அடுத்த வருஷம் அவன் படியில உக்காந்து தேய்க்கறத என் பொண்ணு எடுத்து வச்சிருந்ததயும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு தடவ பாத்தாரு. எம்ஆர்ஐ எடுத்துட்டு முடிவு பண்ணலாம், ஆனா இது காத்திருக்கற கேஸ் மாதிரி தெரியலம்மான்னாரு. புள்ளைங்க நடக்குறது, மாடி ஏறுறது, எழுதுறது எல்லாத்தயும் வருஷத்துக்கு ரெண்டு தடவயாச்சும் வீடியோ எடுத்து வைங்க, நம்ம புள்ளைங்களால வாயத் தொறந்து கை மரத்துப் போகுதுன்னு சொல்ல முடியாது.

எம்ஆர்ஐ மயக்க மருந்து குடுத்துத்தான் எடுத்தாங்க. கழுத்துப் பிரச்சனை இருக்குன்னு மயக்க டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிரணும், ட்யூப் போடறப்ப தலைய அண்ணாக்க விடக் கூடாது. தம்பிக்கு 1 வயசுல இதயத்துல ஓட்டைக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, அதனால எக்கோ, தைராய்டு டெஸ்ட் எல்லாம் திரும்ப எடுத்தாங்க. படத்துல தண்டுவடம் அந்த எடத்துல நசுங்கி, நடுவுல வெள்ளையா ஒரு கோடு. காயம் பட்ட அடையாளமாம் அது.

ஆபரேஷன்னா மொத எலும்பயும் ரெண்டாவதயும் ஸ்க்ரூ, ராடு போட்டு ஒண்ணாச் சேத்து, இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்ப எடுத்து வச்சு ஒட்ட வைக்கறது. இந்த முறைய மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி அதுல் கோயல் டாக்டர் 1994ல எழுதுனாரு, அப்புறம் ஜெர்மனியில ஹார்ம்ஸ்ங்குறவர் 2001ல ராடு போடற மாதிரி மாத்துனாரு, ரெண்டு பேர் பேரயும் சேத்துத்தான் சொல்றாங்களாம். நம்ம நாட்டு டாக்டர் பேருன்னு கேட்டதும் எங்க மாமனாருக்குப் பாதி பயம் போயிருச்சு.

டவுன் புள்ளைங்களுக்கு இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க, ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு மானிட்டரிங் இருக்குமா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் எலும்புக்குள்ள எப்படிப் போகுதுன்னு சிடி ஸ்கேன்ல பாத்தாச்சா, எலும்பு ஒட்டலைன்னா அடுத்து என்னன்னு நோட்டுல எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். அந்த மூணாவது டாக்டர் முகம் சுளிக்காம சொன்னாரு. இந்தப் புள்ளைங்களுக்கு எலும்பு ஒட்டாமப் போறதும் இன்ஃபெக்ஷனும் மத்தவங்கள விட ஜாஸ்தி, கழுத்து திரும்புறது பாதியாக் கொறஞ்சிரும்னும் ஒளிக்காம சொன்னாரு. கடைசியா, "போனது முழுசாத் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், இருக்கறது போகாம நிறுத்தத்தான் இது"ன்னாரு. அந்த வார்த்தைக்குத்தான் நாங்க சரின்னோம். எங்க வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டாரு. சம்பா அறுப்பு நேரம், களத்துலேருந்து வந்து கை கால் கழுவிட்டு, "வரப்புல எனக்கு டீ தூக்கு கொண்டாருவான், கொண்டாந்து 5 மாசமாச்சு, அத இன்னும் போக விட முடியாது"ன்னாரு. அன்னிக்கு ராத்திரியே தேதி கேட்டு போன் பண்ணிட்டோம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். எங்களுக்கு அப்ரூவல் வர 6 நாள் ஆச்சு, மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அட்டை, வருமானச் சான்று எல்லாம் முன்னாடியே ஜெராக்ஸ் போட்டு வச்சிருந்ததால அலைச்சல் கம்மி.

ஆபரேஷனுக்கு 10 நாள் முன்னாலேருந்து மயக்க மருந்து மாஸ்க்க மொகத்துல வச்சு விளையாட்டா பழக்குனேன், கடினமான காலர தூங்கும்போதும் போட்டுப் பழக்குனேன். ஆபரேஷனுக்கு 5 மணி நேரம் ஆச்சு. ஐசியூல நர்சுங்க வலி இருக்கான்னு கேட்டா இவன் எல்லாத்துக்கும் சிரிப்பான், ஆனா வலிச்சா எடது காது மடல இழுப்பான், அது எனக்குத்தான் தெரியும். ஒரு தாள்ல "காத இழுத்தா வலிக்குதுன்னு அர்த்தம்"னு எழுதி கட்டில்ல ஒட்டுனேன். ராத்திரி ஷிஃப்ட் சிஸ்டர் அதப் பாத்துத்தான் ரெண்டு தடவ மருந்து குடுத்திருக்காங்க.

காலர் 3 மாசம், அதுவும் சித்திரை வெயில்ல. உள்ள வேர்த்து தோல் புண்ணாப் போச்சு, பழைய பனியன் துணியப் பட்டையா வெட்டி உள்ள வச்சு ஒரு நாளைக்கு 3 தடவ மாத்துனோம், மாத்தும்போது ஒருத்தர் தலைய ஆடாமப் புடிச்சுக்கணும்.

இப்ப காலர் இல்ல. வைகாசித் திருவிழாவுல தவில் கேட்டு ஆடுனான், தலைய ஆட்டல, இடுப்ப மட்டும் ஆட்டுறான், யாரும் சொல்லிக் குடுக்கல. பின்னாடியிருந்து கூப்புட்டா ஒடம்போட திரும்புறான். பட்டன் போடறது திரும்பி வந்துருச்சு, எடது கால் இன்னும் லேசா இழுக்குது. பகல்ல நனைக்கறதில்ல, ராத்திரி வாரத்துல ரெண்டு நாள் நனைக்கிறான், அது எப்பச் சரியாகும்னு டாக்டராலயும் சொல்ல முடியல. எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருக்குன்னு சிடில தெரிஞ்சுது, அடுத்த சிடி ஆவணியில.