முழங்காலும் நான்கு பேடுகளும்

2024 ஜூன் 3, திங்கள்

இடது முழங்காலில் தேய்மானம் என்று எக்ஸ்ரே காட்டி ஒன்றரை ஆண்டு ஆகிறது. தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்துவரும் இயன்முறை மருத்துவர், வலி கூடும் நாள்களில் மட்டும் வீட்டிலேயே டென்ஸ் கருவி (தோலில் ஒட்டும் பேடுகள் வழியே மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி வலியைத் தணிப்பது) வைத்துக்கொள்ளலாம் என்றதால், இன்று ஒன்று வாங்கிவந்தேன். சோப்புப் பெட்டி அளவில் கருவி, இரண்டு வயர்கள், நான்கு சதுரப் பேடுகள். ஒவ்வொரு பேடும் 5 செ.மீ.க்கு 5 செ.மீ.; ஒருபுறம் துணி, மறுபுறம் ஜெல். அந்த ஜெல்லைத் தொட்டால், தோலுரித்த நுங்கின் குளிர்ச்சியும் அதில் இல்லாத ஓர் ஒட்டலும் விரலுக்குத் தெரிகின்றன.

மருத்துவர் குறித்துக் கொடுத்தது: 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 துடிப்பு; ஒவ்வொரு துடிப்பின் அகலம் (நீடிக்கும் நேரம்) 200 மைக்ரோ விநாடி, அரை மணி நேரம். விறுவிறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கவும் கூடாது, தசை துடிக்கவும் கூடாது. முழங்காற்சில்லின் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒட்டி, இரு வயர்களின் பாதைகளும் மூட்டுக்குள் குறுக்காகச் செல்லுமாறு இணைத்தேன். பேடுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட வேண்டும். தொட்டால் மின்சாரம் மூட்டுக்குள் இறங்காமல் மேலோடு ஓடிவிடும்.

ஜூன் 5, புதன்

இன்று சுருக்கென்று குத்தியது. காரணத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. காலை நீட்டிவைத்து ஒட்டிவிட்டு, பிறகு நாற்காலியில் மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். அதில் மேல்புறப் பேடு ஒன்றின் பாதி, தோலிலிருந்து மெல்ல எழும்பிவிட்டது. விறுவிறுப்பு குறைந்துவிட்டதாக நினைத்து நானும் இரண்டு படி கூட்டினேன். இத்தகைய கருவிகள் தோலின் தடை கூடினாலும் அதே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தவே முயலும். 25 சதுர செ.மீ. பரப்பில் பரவ வேண்டியது அதில் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தால், அங்கே ஊசி குத்துவது போலத்தான் இருக்கும். குத்தினால் கூட்டக் கூடாது. கருவியை அணைத்துவிட்டு விளிம்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். இப்போது காலை எந்த நிலையில் வைத்திருக்கப் போகிறேனோ, அதே நிலையில்தான் ஒட்டுகிறேன்.

ஜூன் 8, சனி

எண்ணெய்க் குளியல் நாள். குளித்துவிட்டு வந்து ஒட்டினால், வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது பேடு. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் தோலில் எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. “ஏங்க, எண்ணெயையும் விட மாட்டீங்க, மிஷினையும் விட மாட்டீங்க” என்றாள் மனைவி. முழங்காலை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் போகும்வரை மின்விசிறிக்கு அடியில் இருந்த பின்னரே பிடித்தது. வலித் தைலத்துக்கும் இதே கதிதான். தைலம் தடவிய நாளில் பேடு ஒட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடி அடர்ந்த இடத்தில் சவரம் செய்யாமல் கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொண்டேன். சவரக் கீறலின்மேல் மின்சாரம் பட்டால் எரியும்.

ஜூன் 11, செவ்வாய்

ஓர் உறவினர் வாட்ஸ்அப்பில் நீண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறார்: இன்ன நோய்க்கு இன்ன ஹெர்ட்ஸ், புற்றுநோய் உட்பட. இந்த எண்ணத்தின் வேர் 1930-களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராயல் ரைஃப் என்பவர் கட்டிய கருவிகளில் இருக்கிறது. ஒவ்வொரு கிருமிக்கும் அதை அழிக்கும் அதிர்வெண் ஒன்று உண்டு என்பது அவர் கூற்று. அது நிரூபிக்கப்படவே இல்லை. அந்தப் பட்டியலை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் கருவி எந்த நோயையும் தீர்ப்பதாகச் சொல்லவில்லை. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாட்டின்படி, தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான கதவு ஓரளவு சாத்தப்படுகிறது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதுவும் இதே வழிதான். பாட்ரிக் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற மருத்துவரும் 1967-இல் இதை மின்துடிப்பால் சோதித்துக் காட்டினார்கள். ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், வாதநோய்க் காலுக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைப் பரிந்துரைத்தது முதல் நூற்றாண்டில். பேடு ஒட்டுமா என்ற கவலை அவருக்கு இல்லை.

ஜூன் 15, சனி

அக்கா வந்திருந்தார். “தம்பி, எனக்கும் முதுகுல ஒரு தடவை போட்டுவிடேன்” என்றார். அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. மறுத்ததில் சற்று வருத்தம்தான் அவருக்கு. ஆனால் இதய மருத்துவர் சொல்லாமல் அந்த உடம்பில் நான் எதையும் ஒட்ட மாட்டேன். கழுத்தின் முன்புறம், தலை, நெஞ்சின் குறுக்கே, புண் உள்ள இடம், தொட்டால் உணர்வே இல்லாத மரத்துப்போன தோல் ஆகியவையும் யாருக்குமே ஆகாதவை.

ஜூன் 22, சனி

பேடு இருந்த இடம் சிறிது நேரம் சிவந்திருப்பது வழக்கம். வெளிப்புறப் பேடு ஒன்றின் சதுரத் தடம் மட்டும் நேற்றுக் காலைவரை மறையாமல் அரித்தது. இரண்டு நாள் விட்டுவிட்டு, இனி ஒட்டும்போது பேடின் அகலத்துக்குத் தள்ளி ஒட்டப் போகிறேன். அங்கேயும் அரித்தால், ஜெல்லே என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

மூன்று வாரக் கணக்கைப் பார்த்தேன். பத்துக்கு ஏழில் இருக்கும் வலி, கருவி ஓடும்போது நாலுக்கு இறங்குகிறது. அணைத்து இரண்டு மணி நேரத்தில் மெல்ல ஏறிவிடுகிறது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு, போதிய ஆதாரம் இல்லை என்று, மூட்டுத் தேய்மானத்துக்கு டென்ஸ் வழங்க வேண்டாமென 2022-இல் வழிகாட்டியது எனக்கும் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் படிக்கட்டுப் பயிற்சியை முடித்துவிட முடிகிறது என்பதால் வைத்திருக்கிறேன்.

பேடுகள் வியர்வையாலும் ஒட்டிய தூசியாலும் சாம்பல் நிறமாகிவிட்டன. இருபது முப்பது தடவை வரும் என்று உறையில் போட்டிருக்கிறது. இந்த வெயிலுக்குப் பதினாலுதான் வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் இன்னும் ஒன்றிரண்டு தடவை பிடிக்கும். ஆனால் நடுவில் ஜெல் விட்டுப்போன இரண்டை இன்றே குப்பையில் போட்டேன். மற்ற இரண்டையும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, காற்றுப் புகாத உறைக்குள் வைத்து, மேலே தேதி எழுதியிருக்கிறேன். திங்களன்று புதிய செட் வாங்க வேண்டும்.