ஐவர் இறங்க, ஐவர் ஏற: லெக்சிங்டன் நாட்குறிப்பு

28 மார்ச் 2015, சனி, நள்ளிரவு

68-66. கை இன்னும் நடுங்குகிறது. கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத் தொடரில், கிளீவ்லாந்தில் நோட்ரே டேமிடம் இன்று தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் இது. ஆறு நிமிடம் மீதமிருக்கையில் 59-53 என்று பின்தங்கியிருந்தோம். அதன் பிறகு எங்கள் கென்டக்கிப் பல்கலைக்கழக அணி செய்தது ஒன்றே ஒன்றுதான்: பந்தை உள்ளே, கார்ல்-ஆன்டனி டவுன்ஸின் கையில் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அவன் 25 புள்ளி எடுத்தான். ஆறு நொடி இருக்கையில் ஆண்ட்ரூ ஹாரிசன் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டபோது கீழ் வீட்டுப் பெரியவர் தம் கைத்தடியால் கூரையைத் தட்டினார்; நான் காலால் தரையைத் தட்டிப் பதில் சொன்னேன்.

இந்தப் பருவத்தில் 38 வெற்றி, தோல்வியே இல்லை. 38-0.

29 மார்ச், ஞாயிறு

குறிப்பேட்டைச் சரிபார்த்தேன். நவம்பரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு பக்கம். இடப்பக்கம் வீரர்களின் பெயர், மேலே நிமிடங்கள். களத்தில் நிற்பவன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு, வெளியேறும்போது அந்தக் கோட்டை ஒரு புள்ளியால் முடிப்பேன். நவம்பர் பக்கங்களைப் பார்த்தால் படிக்கட்டு போல இருக்கிறது: ஐந்து கோடுகள் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிகின்றன, அடுத்த ஐந்து அங்கிருந்து தொடங்குகின்றன. மார்ச் பக்கங்கள் அப்படியில்லை. சில கோடுகள் நீண்டு ஓடுகின்றன, சில வெறும் புள்ளிகளாகக் கிடக்கின்றன. படிக்கட்டு எப்போது இடிந்தது என்று தேடினேன். டிசம்பர் இரண்டாம் வாரம். அது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தேடினேன்.

30 மார்ச், திங்கள்

அண்ணன் தொலைபேசியில் மீண்டும் அதையே கேட்டான். கோயம்புத்தூரில் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவனுக்கு இந்த ஏற்பாடு பிடிபடவேயில்லை. "நல்லா ஆடிட்டிருக்கற அஞ்சு பேரையும் ஒண்ணா வெளியே கூப்பிட எந்தக் கோச்சுக்குடா மனசு வரும்?" என்கிறான்.

நான் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கடந்த ஆகஸ்டில் பஹாமாஸ் தீவுகளில் ஆறு ஆட்டம் ஆடியபோது எங்கள் பயிற்சியாளர் ஜான் கேலிப்பரி இதைச் சோதித்துப் பார்த்தார். அவரிடம் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேருமே வேறெந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல் ஐவரில் நிற்கக்கூடியவர்கள். ஆகவே நீல அணி, வெள்ளை அணி என்று இரண்டாகப் பிரித்தார். நீலத்தில் ஹாரிசன் இரட்டையர், அலெக்ஸ் பாய்த்ரெஸ், டவுன்ஸ், வில்லி காலி-ஸ்டைன். வெள்ளையில் டைலர் யூலிஸ், டெவின் புக்கர், ட்ரே லைல்ஸ், மார்க்கஸ் லீ, டகாரி ஜான்சன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ மொத்தமாக மாற்றம். கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிடம் என்பதால் ஆளுக்கு இருபது. யாருக்கும் பொறாமை இல்லை, யாருக்கும் களைப்பு இல்லை. எதிரணிக்கு மட்டும் மூச்சு வாங்கும். கன்சாஸை 72-40 என்று நவம்பரில் துவைத்தது இந்த ஏற்பாடுதான். டிசம்பரில் யூசிஎல்ஏ அணி முதல் கூடையைப் போடுவதற்குள் 24-0.

அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆட்டம் இறுகிப்போனா கடைசி அஞ்சு நிமிஷம் எந்த அஞ்சு பேரு நிப்பாங்க?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியை இந்தப் பருவத்தில் மிகச் சில அணிகளே எங்களிடம் கேட்டன. நேற்று முன்தினம் நோட்ரே டேம் அதை உரக்கக் கேட்டது.

31 மார்ச், செவ்வாய்

டிசம்பரில் பாய்த்ரெஸின் முழங்கால் தசைநார் கிழியாமல் இருந்திருந்தால்.

1 ஏப்ரல், புதன்

சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் அரையிறுதி, விஸ்கான்சினோடு. எல்லோரும் பழிவாங்கும் ஆட்டம் என்கிறார்கள், ஏனென்றால் சென்ற ஆண்டு இதே கட்டத்தில் ஆரன் ஹாரிசனின் கடைசி நேர மூன்று புள்ளி எறிதலால் அவர்கள் 74-73 என்று தோற்றார்கள். எனக்கு அந்தக் கதையைவிட அவர்களின் ஃபிராங்க் கமின்ஸ்கிதான் கவலை. ஏழடி உயரமுள்ளவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிகிறான். அவனைக் காக்கிற நம் உயரமானவன் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அவன் வெளியே வந்தால் உள்ளே மதில் இல்லை. நம் உயரம் முழுவதும் கூடைக்கு அருகே நிற்பதற்காகச் சேர்க்கப்பட்ட உயரம்.

இன்னொன்று. பாய்த்ரெஸ் போனபின் லைல்ஸை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறடி பத்து அங்குலம் உள்ளவன் ஓரத்தில் நின்று ஆடுகிறான், அவனுக்கு உள்ளே இன்னும் உயரமான இருவர். படத்தில் பார்த்தால் கோட்டைச் சுவர் போலத்தான் இருக்கிறது. ஆனால் விஸ்கான்சினின் சாம் டெக்கரைப் போல ஓடவும் எறியவும் தெரிந்த ஒருவனைக் காக்க வேண்டிய ஆள் பாய்த்ரெஸ். அவன் இண்டியானாபொலிஸில் பெஞ்சில் கோட்டு அணிந்து உட்கார்ந்திருப்பான்.

3 ஏப்ரல், வெள்ளி

கீன்லாந்தில் குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. நாளை ப்ளூ கிராஸ் பந்தயம் வேறு. ஊர் முழுக்க நீலச் சட்டை. கடையில் பால் வாங்கப் போனால், காசு வாங்குகிற பெண் "இன்னும் இரண்டே இரண்டு" என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுக்கிறாள். 1976-இல் இண்டியானா 32-0 என்று முடித்த பிறகு ஒரு ஆண்கள் அணிகூடத் தோல்வியில்லாமல் பட்டம் வாங்கவில்லை. 1991-இல் தோல்வியே காணாமல் வந்த நெவாடா லாஸ் வேகஸ் அணி அரையிறுதியில் டியூக்கிடம் 79-77 என்று விழுந்தது. அதுவும் இதே இண்டியானாபொலிஸ். இதைக் கீழ் வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வாடியது.

4 ஏப்ரல், சனி, காலை

பென்சில்கள் நான்கு சீவி வைத்திருக்கிறேன்.

5 ஏப்ரல், ஞாயிறு, அதிகாலை 2 மணி

64-71.

வெளியே காவல் வண்டிகளின் ஒலி கேட்கிறது. நான் விளக்கை அணைத்துவிட்டு எழுதுகிறேன், கைபேசி வெளிச்சத்தில்.

5 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு, மாலை

அண்ணன் விடியலிலேயே விழித்திருந்து இணையத்தில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். காலையில் பேசும்போது அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "60-56ல இருந்து என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டான்.

என்ன ஆயிற்று என்றால், இதுதான் ஆயிற்று. இடைவேளையில் 36-36. ஆறரை நிமிடம் இருக்கும்போது நாம் 60-56 என்று முன்னால் இருந்தோம். நோட்ரே டேமுக்கு எதிராக ஏறத்தாழ இதே நேரத்தில் ஆறு புள்ளி பின்னால் இருந்தோம். இங்கே நான்கு புள்ளி முன்னால். அங்கே பந்து உள்ளே போனது. இங்கே முன்னால் இருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால் பந்தை வெளியே வைத்துக்கொண்டு கடிகாரத்தைத் தின்னத் தொடங்கினார்கள். ஷாட் கிளாக், அதாவது ஓர் அணி எறிந்தாக வேண்டிய நேரம், முப்பத்தைந்து நொடி. அதில் இருபத்தைந்து நொடி பந்து நடுக்கோட்டுக்கும் மூன்று புள்ளி வளைவுக்கும் இடையில் தரையில் தட்டிக்கொண்டே கிடந்தது. மீதிப் பத்து நொடியில் ஒருவன் தனியாக உள்ளே நுழையப் பார்ப்பான். விஸ்கான்சின் ஆட்கள் காலை அகட்டி நின்றிருப்பார்கள். மூன்று முறை அடுத்தடுத்து எறியாமலேயே நேரம் முடிந்து பந்தைக் கொடுத்தோம். மூன்று முறை! ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. அதற்குள் டெக்கர் பின்னால் ஒரு அடி வைத்து மூன்று புள்ளியை எறிந்துவிட்டான், 63-60.

விஸ்கான்சினின் நைஜல் ஹேய்ஸ் 60-60 என்று சமன் செய்த கூடையின்போது அவர்களின் ஷாட் கிளாக் முடிந்திருந்தது, நடுவர்கள் கவனிக்கவில்லை. ஊர் இன்று முழுக்க இதைத்தான் பேசுகிறது. எனக்கு அதில் மனம் போகவில்லை. ஒரு கூடை தவறாகக் கிடைத்தது. மூன்று முறை நாமே கூடையைப் பார்க்காமல் இருந்ததற்கு எந்த நடுவரைக் கேட்பது?

டவுன்ஸ் 16 புள்ளி, 9 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது). கூடைக்கு அருகே அவனை நிறுத்த அவர்களிடம் ஆள் இல்லை என்பது முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் அவன் கையை உயர்த்தி நின்ற தோற்றம் கண்ணிலேயே நிற்கிறது: இடக்கை உயரே, வலக்கை எதிராளியின் மார்பின் மேல், முகம் பந்தை நோக்கி. பந்து வரவில்லை. கையை இறக்கினான். மறுபக்கம் ஓடிப் போய் அங்கேயும் உயர்த்தினான்.

6 ஏப்ரல், திங்கள்

குறிப்பேட்டை இன்றுதான் திறந்தேன். முதல் பாதிக் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன. டகாரி ஜான்சனுக்கும் மார்க்கஸ் லீக்கும் சிறு துண்டுகள்தான். இரண்டாம் பாதியில் கோடுகள் மெல்லச் சாய்கின்றன. கடிகாரத்தில் 6:36 மீதமிருந்த கட்டத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு கோடுகூட இழுக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இரவு இறுதி ஆட்டம். டியூக் 68, விஸ்கான்சின் 63. டியூக்கிடம் உதவித்தொகையில் ஆடுகிறவர்கள் எட்டே பேர். அவர்களின் முக்கிய வீரர்கள் ஒகஃபோரும் வின்ஸ்லோவும் ஃபவுலில் சிக்கித் தவித்தபோது, ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்த நேரத்தில், பெஞ்சிலிருந்து கிரேசன் ஆலன் என்ற முதலாண்டு மாணவனை இறக்கினார்கள். பருவம் முழுக்க அதிகம் ஆடாத பையன் 16 புள்ளி எடுத்தான். எட்டுப் பேர் உள்ளவன் எட்டாவது ஆளிடம் போய்க் கதவைத் தட்டுகிறான். நாங்கள் பத்துப் பேரை வைத்துக்கொண்டிருந்தோம்.

கேலிப்பரி இன்று ஹால் ஆஃப் ஃபேம் என்னும் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்துக்குத் தேர்வாகியிருக்கிறார். தகுதியானவர்தான், நான் மனதார மகிழ்கிறேன். ஆனால் அறிவிப்பைக் கேட்க வேறொரு நாள் அமைந்திருக்கலாம்.

7 ஏப்ரல், செவ்வாய்

ரீபவுண்ட் 34-22. அவர்களுக்கு 34. இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு.

8 ஏப்ரல், புதன்

கீழ் வீட்டுப் பெரியவர் அழைத்துக் காப்பி கொடுத்தார். புகையிலைக் கிடங்கில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். 1958 பட்டத்தை வானொலியில் கேட்டவர். எட்டுப் பட்டங்களில் அவருக்கு மிகவும் பிடித்தது 1996. ரிக் பிடினோவின் அந்த அணியிலும் பெஞ்ச் நீளம்தான், அங்கேயும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்றார். நான், அப்படியானால் அது பலித்தது, இது ஏன் பலிக்கவில்லை என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்துப் பதில் சொன்னார்: அந்தப் பையன்கள் களம் முழுவதும் எதிராளியைத் துரத்துவார்கள், துரத்திக் களைத்தவன் வெளியே வருவான், துரத்தப் புதியவன் போவான், ஆகவே ஆள் மாற மாற எதிரணி ஓடியே சாகும்.

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் நான்கு வாக்கியத்தில் சொன்னதை நான் ஐந்து மாதக் கோடுகளில் பார்க்கத் தவறியிருக்கிறேன். ஆள் பலம் செலவழிந்தால்தான் அது பலம். விஸ்கான்சின் பந்தைத் தவறவிடாத அணி. முப்பத்தைந்து நொடியையும் பயன்படுத்திப் பொறுமையாக ஆடும் அணி. அப்படி ஆடினால் ஆட்டத்தில் பந்து கைமாறும் முறைகளே குறைந்துவிடும். முறைகள் குறைந்தால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் அவர்களின் ஏழு பேரும் நம் ஒன்பது பேரைப் போலவே புத்துணர்ச்சியுடன் கடைசி ஆறு நிமிடத்துக்கு வந்து சேர்வார்கள். அவர்கள் அந்த வேகத்தைத்தான் விரும்பினார்கள். நாமும் 60-56-இல் போய் அதே வேகத்தில் ஆடினோம். களைக்காத கால்களை வைத்துக்கொண்டு நின்றோம்.

இன்னொன்றும் உண்டு. அவர்களின் ஐவர் பல மாதம் ஒன்றாக நெருக்கடியில் நின்றவர்கள். ட்ரேவான் ஜாக்சன் ஜனவரியில் பாதம் முறிந்து போனபோது பிரான்சன் கோனிக் அந்த இடத்துக்கு வந்தான்; வந்தவன் அங்கேயே நின்றான், நீண்ட நிமிடங்கள் ஆடினான். நம் பையன்களில் டவுன்ஸும் புக்கரும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இருபத்தோரு நிமிடம் ஆடியவர்கள். பல ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடம் வருவதற்குள் நாம் இருபது புள்ளி முன்னால் இருப்போம். அந்த நேரத்தில் பந்தை யாரிடம் கேட்டு வாங்குவது, யார் யாரைப் பார்த்துக் கொடுப்பது என்று பழக அவர்களுக்கு அதிகம் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அண்ணன் கேட்ட கேள்வி அதுதான். அவனை அழைத்துச் சொன்னேன். "அதத்தானேடா அன்னிக்கே கேட்டேன்" என்றான், குரலில் வெற்றி இல்லாமல்.

9 ஏப்ரல், வியாழன்

ஏழு பேர் கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறார்கள். ஒரே மேடையில் ஏழு பேரும் உட்கார்ந்து அறிவித்தார்கள்: டவுன்ஸ், காலி-ஸ்டைன், லைல்ஸ், புக்கர், ஜான்சன், ஹாரிசன் இரட்டையர். யூலிஸ், லீ, பாய்த்ரெஸ் மூவரும் தங்குகிறார்கள்.

பாய்த்ரெஸ் தங்குகிறான். அவன் முழங்கால் ஆறி மீண்டும் ஓடுவான். ஆனால் அவன் நிற்க வேண்டிய ஐவர் இனி இல்லை.

10 ஏப்ரல், வெள்ளி

தூக்கமில்லை. 24 பேர் ஆடியிருந்தாலும் கடைசியில் ஒரு பந்துதான் இருக்கிறது. அது யாரிடம் போகும் என்பதைப் பயிற்சியாளர் முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும், நவம்பரிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். டைம் அவுட் எடுத்து, டவுன்ஸைக் காட்டி, இவனுக்கு என்று சொல்லியிருந்தால் போதுமே என்று தோன்றுகிறது. பிறகு காலி-ஸ்டைன் 2 புள்ளி மட்டும் எடுத்தது நினைவுக்கு வருகிறது, கமின்ஸ்கி 20 புள்ளியும் 11 ரீபவுண்டும் எடுத்தது நினைவுக்கு வருகிறது, எனக்கே என் கணக்கில் நம்பிக்கை போய்விடுகிறது.

11 ஏப்ரல், சனி

பதிவு செய்து வைத்திருந்த ஆட்டத்தை இன்று போட்டேன். குறிப்பேட்டில் அந்தக் கடைசிக் கட்டங்களை நிரப்பியாக வேண்டும். புதிய பென்சில் ஒன்று சீவினேன். 6:36 வரை வந்தேன். 60-56. லெக்சிங்டனில் மாலை வெயில் சன்னல் வழியாகத் திரையில் விழுந்ததால், களத்தில் நிற்கிறவர்களின் எண்கள் சரியாகத் தெரியவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறேன். வெயில் இறங்கியதும்