பழைய ஸ்கார்ப்பியோவைக் கொடுத்து செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ 320டி எடுக்கும் முன்

எக்ஸ்சேஞ்ச் பேசும்போது இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். 'மேலே இவ்வளவு போடுங்க' என்று மட்டும் சொன்னால் எதில் குறைத்தார்கள் என்றே தெரியாது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விபத்து வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். இன்சூரன்ஸில் க்ளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையதல்ல. சான்று வாங்கிவைத்தால் 3 வருடத்துக்குள் அடுத்த பாலிசியில் சேர்க்கலாம்.

இனி 320டி. எஃப்30 என்ற தலைமுறையின் ஆரம்ப மாடல்களில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்கும் அதன் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, 1,500 ஆர்.பி.எம். வரை மெல்ல ஏற்றிக் கேளுங்கள். பின்னாலிருந்து சங்கிலி தேய்கிற கரகரப்பு வந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும், இன்ஜினே போய்விடும். மாற்றுவதற்கும் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும், கூலியே பெரிய தொகை.

காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் என்றால் டிக்கியில் ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம். டயர் ஓரத்தில் '2319' என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடைசியாக, லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத் தட்டைப் பாருங்கள். நம்மூர் வேகத்தடை அங்கேதான் கீறியிருக்கும்.