எட்டு மாடி ஏறும் வெற்றுக் குழாய்

லண்டனில் நாங்கள் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தை வீட்டு உரிமையாளர்களே கூடிப் பராமரிக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் தீப் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வாரமே ஏழாம் மாடி அக்கா கேட்டார்: "தம்பி, படிக்கட்டோரம் போகிற அந்தச் சிவப்புக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாதாமே, பிறகு எதற்கு அது?"

அதன் பெயரே டிரை ரைசர், அதாவது தண்ணீரில்லாமல் மேலே ஏறும் குழாய். காலியாகத்தான் இருக்க வேண்டும். சூடேற்றாத படிக்கட்டில் தண்ணீர் நின்றால் பனிக்காலத்தில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்து, தரைத்தளப் பெட்டியில் உள்ள இரண்டு குழாய் வாய்களில் ஹோஸை மாட்டித் தண்ணீரை ஏற்றும். வீரர்கள் தீப்பிடித்த மாடிக்குக் கீழே உள்ள வால்வில் தங்கள் ஹோஸைப் பொருத்திக்கொள்வார்கள். அத்தனை படிகளிலும் ஹோஸை இழுத்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை.

2017இல் லண்டனின் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரத்தில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இங்கிலாந்தில் வந்த 2022 தீப் பாதுகாப்பு விதிகளின்படி, 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ எட்டிய குடியிருப்புகளில் இந்த வாய்களையும் வால்வுகளையும் மாதந்தோறும் சோதிக்க வேண்டும். நானும் மூன்று மாதம் சோதித்தேன். பெட்டியின் கண்ணாடி உடையவில்லை, பூட்டு இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். அது போதாது என்பது ஆண்டுச் சோதனை அன்றுதான் தெரிந்தது.

சோதனைக்கு வந்தவர் கீழே பம்பை இணைத்து மெதுவாகத் தண்ணீரை ஏற்றினார். நானும் அவருடைய உதவியாளரும் மாடி மாடியாக ஏறினோம். குழாய்க்குள் காற்று மேல்நோக்கி விரையும் ஓசை சுவர் வழியாகவே கேட்டது. ஐந்தாம் மாடியை நெருங்கும்போது படிகளில் தண்ணீர் வழிந்து வந்தது. பெட்டிக்குள் வால்வின் கைச்சக்கரத்தில் தோல்பட்டை கட்டிப் பூட்டியபடியே இருந்தது. ஆனால் வால்வு அரைச்சுற்றுத் திறந்திருந்தது. மூடி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ திறந்துவிட்டு, முழுதாக மூடாமல் பூட்டிப் போயிருக்கிறார்கள். எட்டாம் மாடியில் தீ என்றால் பாதித் தண்ணீர் இங்கேயே கொட்டியிருக்கும். எனக்குக் கை நடுங்கியது.

அதை மூடிவிட்டு அழுத்தத்தை 12 பாருக்கு ஏற்றினார்கள். 15 நிமிடம் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் 9க்கு இறங்கியது. ஏழாம் மாடி வால்வின் அடியில் நூல்போல நீர் கசிந்தது. உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அக்கா வீட்டு வாசலிலேயே!

புது வால்வு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். 24 மணி நேரத்துக்குள் சரியாகாத பழுதைத் தீயணைப்புத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அன்று மாலையே இணையவழியில் தெரிவித்தேன். லிஃப்டில் அறிவிப்பும் ஒட்டினேன். மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நான்கு இரவும் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாம் சோதனையில் அக்காவும் வந்து வால்வுக்கு டார்ச் அடித்துப் பிடித்தார். முள் 15 நிமிடமும் அசையவில்லை. பழுது நீங்கியதையும் துறைக்குத் தெரிவித்தேன். தண்ணீர் முழுதும் வடிந்த பிறகு எட்டாம் மாடியிலிருந்து ஒவ்வொரு கைச்சக்கரத்தையும் நானே இறுக்கித் திருகிப் பார்த்து, மூடியை மாட்டி, தோல்பட்டையைப் பூட்டிக்கொண்டே இறங்கினேன்.